ஆளுக்கொரு வீடு

கால்வாய்த் தெருவில் அவளைச் சண்டைக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. வாசலில் நின்று "சண்டைக்கார அக்கா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். அவளும் "இருக்கேன், என்ன இப்போ?" என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவாள். அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் சொல்வார்கள். மூக்கு நுனிக் கோபம் ஒரு தும்மலில் போய்விடும். இவளுடையது அடிவயிற்றில் இருந்தது. காரணம் இல்லாமல் அது ஒரு நாளும் எழுந்ததில்லை. காரணத்துக்குத்தான் அந்தத் தெருவில் பஞ்சமே கிடையாதே.

தெருவின் கோடியில் கால்வாய்க்கு ஒரு மதகு உண்டு. மழைக்காலத்தில் அதன் இரும்புக் கதவைத் தூக்கிவிட்டால் தண்ணீர் தன்பாட்டுக்கு ஆற்றுக்குப் போய்விடும். தூக்காவிட்டால் தெருவுக்கு வரும். அந்தக் கதவு துருப்பிடித்து இறுகிப்போய் எத்தனையோ காலம் ஆயிற்று. பொறியாளர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், மாற்றலாகிப் போனார்கள். கதவு மட்டும் மாறவில்லை.

அவள் அப்போது சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மழையில் தண்ணீர் இடுப்பளவு ஏறியது. வடிந்த பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தின் வண்டி வந்தது. கம்பளியும் ரொட்டியும் கொடுத்து, நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கொஞ்சம் சிரிங்கம்மா என்றார்கள். அதுதான் ஆகாமல் போயிற்று. மூணாவது வீட்டில் பிணம் கிடக்கிறது, எதற்குச் சிரிக்கச் சொல்கிறாய் என்று அவள் வண்டிமேல் ஏறிநின்று கேட்ட கேள்வியில் படம் எடுத்தவன் கருவியைப் பைக்குள் போட்டுவிட்டான். கூட வந்திருந்த அதிகாரி ஒருத்தி, இவ்வளவு பேசுகிறவர் நீங்களே வந்து வேலை பார்க்கலாமே என்று குத்தலாகச் சொன்னாள். அவள் குத்தலுக்குச் சொன்னாள், இவள் வீம்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வீம்புக்குச் சேர்ந்த வேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. பகலெல்லாம் தெருத்தெருவாக அலைச்சல், வீட்டுக்கு வந்தால் அஞ்சல் வழியில் சமூகப்பணிப் படிப்பு. புத்தகத்தின் மேலேயே தூங்கி, கன்னத்தில் அச்செழுத்தோடு எழுந்திருப்பாள். பணிமனையில் பேருந்து பழுது பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் அந்தக் கன்னத்தைப் பார்த்து, இன்னைக்கு எந்தப் பாடம் என்று வாசிக்க முயற்சி செய்வான். அவன் அப்படிப்பட்ட ஆள். வாயைத் திறந்தால் கேலிதான். பட்டம் வாங்கிய அன்றைக்கு, இனிமேல் நீ படிச்ச சண்டைக்காரி என்றான்.

பாடத்தில் அவளுக்குப் பிடிக்காத ஒரு சொல் இருந்தது. சமூக மீள்திறன். பக்கம் பக்கமாக அதற்கு விளக்கம். அவள் தன் பங்குக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தாள்: ஒருத்தன் நம்மைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டே இருப்பான், நாம் எழுந்து எழுந்து தலை துவட்டிக்கொள்ள வேண்டும், கரையில் நிற்கிறவன் அதைப் பார்த்துக் கைதட்டுவான். தேர்வில் அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்னும் காலர்தான் தைத்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் வேலை என்று வந்தால் அவள் வேலைக்காரி. மூணாவது வீட்டுச் சாவை அவளால் மறக்க முடியவில்லை. அந்தத் தாய்க்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் அன்று வீட்டில்தான் இருந்தார்கள். தம்பி தூக்கியிருப்பான் என்று அண்ணன் நினைத்தான், அண்ணன் தூக்கியிருப்பான் என்று தம்பி நினைத்தான், நடுவில் உள்ளவன் தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். படுக்கையில் இருந்தவள் படுக்கையிலேயே போனாள். மூவரும் நல்ல பிள்ளைகள்தான், அதுதான் கொடுமை. இதிலிருந்து அக்கா ஒரு முறையை உண்டாக்கினாள். வெள்ளம் வந்தால் உன் வீட்டு ஆள் உன் பொறுப்பு இல்லை. அடுத்த வீட்டு ஆள்தான் உன் பொறுப்பு. நடக்க முடியாதவர், கண் தெரியாதவர், பிள்ளைத்தாய்ச்சி என்று யார் யார் உண்டோ, ஒவ்வொருவரையும் வேறொரு வீட்டின் தலையில் பெயர் சொல்லிக் கட்டினாள். சொந்த ஆளை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று மறக்கலாம். ஊரார் முன்னால் கையில் ஒப்படைத்த ஆளை எவனும் மறக்க மாட்டான்.

இரண்டாவது விதி, ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்துக்கு ஒருவர், கால் வழுக்கினாலும் ஆள் விழாது. பள்ளிக்கூட மைதானத்தில் வைத்து எல்லாரையும் தூக்கவிட்டுப் பழக்கினாள். யாராவது வீரம் காட்டித் தனியாகத் தூக்கினால் தொண்டை கிழியக் கத்துவாள். தெரு அவளைத் திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டது.

எல்லா வீட்டு ஆட்களையும் இப்படி ஒப்படைத்தாள், ஒரு வீட்டைத் தவிர. அது அவள் வீடு.

அதற்குள் அவள் கணவனைப் பக்கவாதம் சாய்த்திருந்தது. வலது பக்கம் முழுக்கச் செத்துப்போயிற்று. வாய் கொஞ்சம் கோணிக்கொண்டது, கேலி மட்டும் கோணவில்லை. தெருவில் நடக்க முடியாதவர்களில் அவன்தான் கனத்த ஆள். வரிசைப்படி பார்த்தால் அவனைத் தூக்க வேண்டியது எதிர்வீட்டுக் கோழிக்கடைக்காரர். அங்கேதான் சிக்கல். கோழி இறகையும் கழிவையும் கால்வாயில் கொட்டுகிறார் என்று அக்கா ஒருமுறை அவர் கடை வாசலில், வாடிக்கையாளர்கள் முன்னால் வைத்து அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தாள். மதகு திறக்காததே உன்னால்தான் என்றுகூடச் சொன்னாள். அது அநியாயம். இரும்பு துருப்பிடிப்பதற்கும் இறகுக்கும் என்ன சம்பந்தம்? அவர் அன்றோடு கொட்டுவதை நிறுத்திவிட்டார். பேச்சையும் நிறுத்திவிட்டார். அக்காவுக்குத் தான் சொன்னதில் பாதி தப்பு என்று தெரியும். தெரிந்ததனால் கோபம் இரட்டிப்பாயிற்று.

யாருக்கு எந்த வீடு என்று பிரிக்கும் கூட்டத்தில், கூடமாட உதவும் தையல்காரம்மாதான் மெதுவாகக் கேட்டாள், "அக்கா, உங்க வீட்டுக்குக் கோழிக்கடை அண்ணன்தானே வருது?"

"அந்த ஆள் என் வாசப்படி மிதிக்கக் கூடாது. என் வீட்டை நான் பாத்துக்கறேன்."

எதிர்த்துப் பேச அங்கே யாருக்குத் தைரியம்? கோழிக்கடைக்காரர் மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெருக்கோடி வீட்டுக் கண் தெரியாத அம்மாவை ஒதுக்கினார்கள். அக்கா தான் போட்ட விதியைத் தானே உடைத்தாள். ஊருக்கெல்லாம் உபதேசம், தனக்கு மட்டும் விலக்கு. அன்று அது அவளுக்கு உறைக்கவில்லை.

வெள்ளம் வந்த நாளில் அவள் தெருவில் இல்லை. தொண்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் இருந்தாள். வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மீள்திறன் பற்றி அவர்களுக்கு அவள் பேச வேண்டும் என்று இயக்குநர் அம்மா வற்புறுத்தி அழைத்திருந்தார். குளிரூட்டிய அறை, நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. காலையில் சும்மா தூறிக்கொண்டிருந்த மழை, அவள் பேச எழுந்தபோது கண்ணாடி சன்னலை அறைய ஆரம்பித்தது. கைப்பேசி அதிர்ந்தது. தையல்காரம்மா. மதகில் முட்டித் தண்ணீர் தெருப்பக்கம் திரும்பிவிட்டது, கிடுகிடுவென்று ஏறுகிறது என்றாள். எல்லாரையும் கிளப்பு, பள்ளிக்கூடத்துக்குப் போங்க என்று அக்கா சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள்.

இயக்குநர் அம்மா நல்லவர்தான். கெட்டவராக இருந்தால் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் ஆர்வமாக, "இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அங்க மக்களே பாத்துக்கறாங்கன்னு இவங்களுக்கு இப்பவே காட்டலாம். ஒரு பத்து நிமிஷம் பேசிட்டுப் போங்களேன்" என்றார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தாள். அவர்கள் கண்களில் இரக்கம் இருந்தது, அவசரம் இல்லை.

"மேடம், அங்க தண்ணியில நிக்கறது உதாரணம் இல்ல. என் தெரு."

கையை உதறிக்கொண்டு இறங்கிவிட்டாள். பேருந்து பாலத்தோடு நின்றுவிட்டது. அதற்குமேல் நடந்தாள், பிறகு முழங்கால் தண்ணீரில், பிறகு தொடை வரைக்கும். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள். மதகைத் திட்டினாள், பொறியாளரைத் திட்டினாள், அந்த நீள மேசையைத் திட்டினாள். திட்டுவதை நிறுத்தினால் பயம் உள்ளே வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

பள்ளிக்கூட மாடியில் தெருவே இருந்தது. ஈரமும் இருமலும் குழந்தைகளின் அழுகையுமாக இருந்தாலும், இருந்தார்கள். தையல்காரம்மா ஓடி வந்து பெருமையோடு ஒவ்வொருவராகக் காட்டினாள். கண் தெரியாத அம்மா அதோ. பிள்ளைத்தாய்ச்சி இதோ. இடுப்பு உடைந்த வாத்தியார் நாற்காலியோடு வந்துவிட்டார். ஒரு ஆள்கூட விடுபடவில்லை அக்கா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சோம் என்றாள். அக்காவின் கண் கூட்டத்தில் தேடிக்கொண்டே போயிற்று. தேடி முடித்து நின்றது.

"எங்க வீட்டுக்காரர் எங்க?"

தையல்காரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்களே அக்கா."

யாரைத் திட்டுவது? வாழ்நாளில் முதல் தடவையாக அவள் வாயில் ஒரு வசவும் வரவில்லை. படியில் இறங்கி ஓடினாள். பின்னால் யாரோ வருகிறேன் என்று கத்தியது காதில் விழவில்லை.

தெருவில் தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. அவள் வீட்டுக் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே கட்டில் மிதந்துகொண்டிருந்தது, அதில் ஆள் இல்லை. அடுப்படியிலிருந்து குரல் கேட்டது. சண்டை போடும் குரல்.

"சும்மா இருய்யா, அசைஞ்சா ரெண்டு பேரும் முங்கிடுவோம்."

"நான் எங்கய்யா அசையறேன்? அசைய முடிஞ்சா நான் ஏன் உன் தோள்ல சாஞ்சிருக்கேன்?"

சமையல் மேடைமேல் அவள் கணவன் உட்கார வைக்கப்பட்டிருந்தான். வலது பக்கம் சரிந்து விழாமல் கோழிக்கடைக்காரர் தோளை முட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார். இடுப்பளவு தண்ணீர். உதடு நீலம் பாரித்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எங்கோ கிழிந்து தண்ணீர் சிவப்பாகக் கலங்கியிருந்தது.

நடந்தது இதுதான். கண் தெரியாத அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, கடையைப் பார்க்கத் திரும்பி வந்திருக்கிறார். எதிரே அக்கா வீட்டுக் கதவு மூடியிருந்ததைப் பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறார். என் பொண்டாட்டி வந்துடுவா, நீ போய்யா, உன்னை இங்கே பார்த்தா என்னைத்தான் திட்டுவா என்று உள்ளேயிருந்து பதில் வந்திருக்கிறது. போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார். மறுபடியும் அதே பதில். மூன்றாம் தடவை கேட்காமல் கதவை உதைத்துத் திறந்திருக்கிறார். தனியாகத் தூக்கப் பார்த்து வழுக்கி விழுந்து, காலைக் கிழித்துக்கொண்டு, எப்படியோ மேடைமேல் ஏற்றிவிட்டார். அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. விட்டுவிட்டு ஆள் கூப்பிடப் போனால் அவன் சரிந்து தண்ணீரில் விழுவான். கத்திய கத்தலை மழை தின்றுவிட்டது. கைப்பேசி எப்போதோ முங்கிவிட்டது. எனவே அப்படியே நின்றுவிட்டார்.

அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கணவன்மேல் பாய்ந்தாள். உள்ளே வரச்சொல்லியிருந்தால் அப்போதே இரண்டாவது ஆளைக் கூட்டி வந்திருப்பாரே, வாய் இருக்கிறதே, கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று கத்தினாள்.

அவன் கோணல் வாயோடு அவளைப் பார்த்தான். இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

"தெருவுக்கெல்லாம் கேக்கச் சொல்லிக் குடுத்த. நம்ம வீட்டுக்கு மட்டும் யாரையும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்த. நான் நீ சொன்னதைத்தாம்மா செஞ்சேன்."

அவளுக்கு அழுகை வந்தது, அதன்மேலும் கோபம் வந்தது. பிறகு மிதந்துகொண்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து மேடைக்கு அருகில் போட்டாள்.

"அண்ணே, அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தார். வாசல் வரை வந்த பிறகுதான் பின்னாலேயே ஓடி வந்த தையல்காரம்மாவும் இன்னும் இரண்டு பேரும் கை கொடுத்தார்கள். வாசப்படியைத் தாண்டும்போது, நான் மிதிக்கலாமா என்று கோழிக்கடைக்காரர் கேட்டார். மிதித்துத் தொலையுங்கள் என்றாள் அக்கா.

தண்ணீர் வடிந்து தெரு சேறாகக் கிடந்தபோது இயக்குநர் அம்மா வந்தார், கூடவே படம் எடுக்கிறவனும். நடந்ததைக் கேட்டு அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. பேசாமல் இருந்த இரண்டு வீடுகள், வெள்ளத்தில் ஒன்று சேர்ந்தது, எவ்வளவு பெரிய மீள்திறன் என்றார். இரண்டு ஆண்களையும் அதே சமையல் மேடையோடு சேர்த்து ஒரு படம் எடுத்தால் உலகத்துக்கே பாடமாக இருக்கும் என்றார். கோழிக்கடைக்காரர் காலில் கட்டோடு திண்டாடி நின்றார். மதகின் இரும்புக்கதவு இருக்கும் திக்கைக்கூட இயக்குநர் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம், இந்த அண்ணன் காலு அழுகாம இருந்தா அது அவர் நல்ல நேரம். எங்க வீட்டுக்காரர் இருக்கறது என் நல்ல நேரம். நாங்க ஒவ்வொரு மழைக்கும் சாகாம இருக்கறதைப் பாராட்டிப் பாராட்டியே, அந்தக் கதவை யாரும் தூக்க வேணாம்னு ஆக்கிட்டீங்க. அதை முதல்ல படம் எடுங்க."

மதகு அரசாங்க வேலை, நாம் தலையிட்டால் துறையோடு உள்ள உறவு கெட்டுவிடும் என்று இயக்குநர் அம்மா எடுத்துச் சொன்னார். பொறுமையாகத்தான் சொன்னார். அப்படியென்றால் நாளைக்கு நான் விடுப்பு, தெருக்காரியாகப் போகிறேன், சமூகப்பணிக்காரியாக இல்லை என்றாள் அக்கா. சொல்லிவிட்டு யோசித்தாள். இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது. ஆனால் திருத்திச் சொல்லவில்லை, அந்த அம்மாவுக்கு அது புரிய நாளாகும்.

மறுநாள் காலை பொறியாளர் அலுவலகத்தில், வழக்கமாக மனுக்காரர்கள் காத்திருக்கும் நடையைத் தாண்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உள்ளே போயிற்று. ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் நொண்டிக்கொண்டே கோழிக்கடைக்காரர், நடுவில் வெளுத்த சட்டையில் அவள் கணவன். தடுக்க வந்த உதவியாளர் நாற்காலியின் வேகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார். பொறியாளரின் மேசைக்கு எதிரே, அவர் முகத்துக்கு நேராக நாற்காலியை இறக்கி வைத்தார்கள்.

பொறியாளர் புதியவர், இளவயதுக்காரர். வணக்கம் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டார். மதகு என்றதும், அது பரிசீலனையில் இருக்கிறது என்றார். அந்தச் சொல்லை அக்கா முந்தின பொறியாளரிடமும் கேட்டிருக்கிறாள், அவருக்கு முந்தினவரிடமும் கேட்டிருக்கிறாள். இந்தத் தடவை அவள் கத்தவில்லை. கத்தாததைப் பார்த்துக் கோழிக்கடைக்காரருக்கே பயமாகிவிட்டது.

"சார், எங்க தெருவுல ஒரு முறை உண்டு. ஆளுக்கொரு வீடு. அவங்கவங்க வீட்டு ஆளை அவங்க தூக்கக் கூடாது, அடுத்தவங்கதான் தூக்கணும். எங்க வீட்டை மட்டும் நான் யாருக்கும் குடுக்காம வச்சிருந்தேன், அது என் தப்பு. இன்னைக்குக் குடுத்துட்டேன். இவர் உங்க பங்கு. மழை வந்தா நீங்கதான் தூக்கணும். கதவு தூக்கறவரைக்கும் இங்கேயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு நடையில் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் கோழிக்கடைக்காரர். உள்ளே பொறியாளர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். வெளியே இருந்த கூட்டம் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. நாற்காலியில் இருந்தவன் சுவரில் தொங்கிய நாட்காட்டியை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் போயிற்று. கோப்புகள் வந்தன, கையெழுத்தாயின, அவனைச் சுற்றிக்கொண்டு போயின. பொறியாளர் அவன் பக்கம் பார்க்காமல் இருக்க என்னென்னவோ செய்து பார்த்தார்.

கடைசியில் அவன்தான் பேசினான். கேலியா, நிஜமா என்று அக்காவுக்கே தெரியவில்லை.

"சார், எனக்கு ஒண்ணுக்குப் போகணும்."

பொறியாளர் பதறிப்போய் வாசலுக்கு வந்தார். "அம்மா, கொஞ்சம் வாங்க, இவரைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். கோழிக்கடைக்காரர் பழக்கத்தில் எழுந்துவிட்டார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"உக்காருங்கண்ணே. அது நம்ம வீடு இல்ல."

பொறியாளர் நடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. உள்ளே போனார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்து நாற்காலியைத் தனியாகப் பிடித்தார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்போது அவள் கணவனின் குரல் நடை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"தனியாத் தூக்காதீங்க சார். விழுந்துடுவோம். இன்னொருத்தரைக் கூப்பிடுங்க."